துவர்ப்பும் கொழுப்புச் சவ்வும்: டானின்கள் பாக்டீரியாவை எங்கே பிடிக்கின்றன?

கடுக்காய், மாசிக்காய், மாதுளைத் தோல், கருவேலம்பட்டை, மாங்கொட்டைப் பருப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் சாற்றை ஒரு காகித வில்லையில் நனைத்து, பாக்டீரியா பூசிய அகார் தட்டின் மேல் வைத்து, மறுநாள் வில்லையைச் சுற்றி விழுந்த தெளிந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிய ஆய்வேடுகள் நம் கல்லூரி நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பலவும் ஒரே முடிவில் போய் நிற்கின்றன: சாற்றிலுள்ள டானின்கள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்து அதைக் கொல்கின்றன. வட்டம் உண்மை. சாறு பாக்டீரியாவை வளரவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் சவ்வுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த வட்டம் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய ஆய்வுகள் வேறு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த அந்த ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால், நாம் எளிதாக எழுதிவிடும் அந்த வாக்கியம் பாதிதான் சரி என்பது தெரிகிறது. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

டானின்கள் செடிகளின் பட்டை, காய், இலை, விதை ஆகியவற்றில் சேரும் பாலிபீனால்கள். நாக்கில் துவர்ப்பாக உணர்வது இவற்றைத்தான். நீரில் கரைய வேண்டும், மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 முதல் 3000 வரை இருக்க வேண்டும், புரதத்தை வீழ்படிவாக்க வேண்டும் என்று 1962இல் பேட்-ஸ்மித்தும் ஸ்வெயினும் வகுத்த வரையறையே இன்றும் பெரும்பாலும் புழங்குகிறது. மாசிக்காயிலிருந்து எடுக்கும் டானிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு குளுக்கோஸ். அதிலிருந்து ஐந்து கைகள். ஒவ்வொரு கையிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காலிக் அமில வளையங்கள். பாடநூல் வாய்பாட்டின்படி மூலக்கூறு எடை 1701, பீனால் ஹைட்ராக்சில்கள் 25. புட்டியில் விற்கப்படுவது இந்த ஒரே மூலக்கூறு அல்ல. கைகள் நீண்டவையும் குறைந்தவையும் சேர்ந்த கலவை. கடுக்காயில் செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் போன்ற வேறு வடிவங்கள் இருக்கின்றன. தேயிலையின் கேட்டிகின்கள் எடையில் சிறியவை. கறாராகப் பார்த்தால் அவை டானின்கள் ஆகா. ஆனால் அவற்றில் சிலவற்றில் அதே காலிக் வளையம் தொங்குகிறது. தூய நிலையில் கிடைப்பதும் எளிது. அதனால் சவ்வு பற்றிய நுட்பமான ஆய்வுகளில் பெரும்பங்கு இவற்றை வைத்தே நடந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது இரண்டு வரிசை பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளாலான சவ்வு. தடிப்பு 4 முதல் 5 நானோமீட்டர். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை நாடும் ஒரு தலை, நீரை விலக்கும் இரண்டு கொழுப்பு வால்கள். வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, தலைகள் இரு புறமும் நீரில் இருக்கின்றன. சுவாசத்துக்கான புரதங்களும், செல்சுவரைக் கட்டும் நொதிகளும் இந்தச் சவ்வில் பதிந்தே வேலை செய்கின்றன. 25 ஹைட்ராக்சில்களைச் சுமக்கும் டானிக் அமிலம் அந்த எண்ணெய்ப் பகுதிக்குள் மூழ்கிப் போக வழியில்லை. ஆனால் காலிக் வளையத்தின் தட்டையான முகம் நீரை அவ்வளவாக விரும்புவதில்லை. அதற்கு வசதியான இடம் தலைகளும் வால்களும் சந்திக்கும் எல்லைப் பகுதி. டானினுக்கும் லிப்பிட்டுக்கும் இடையிலான கதை முழுவதும் இந்த எல்லையில்தான் நடக்கிறது.

அந்த எல்லையை முதலில் தெளிவாகக் காட்டிய சோதனைகளுள் ஒன்று 1993இல் ஜப்பானில் இகிகாய், நகாயே, ஹரா, ஷிமாமுரா ஆகியோர் வெளியிட்டது. பாஸ்பாடிடைல்கோலின் என்ற லிப்பிட்டால் லிப்போசோம்கள் எனப்படும் நுண்ணிய பைகளைச் செய்து, அவற்றுக்குள் கார்பாக்சிஃபுளோரசின் என்ற சாயத்தை அடைத்தார்கள். இந்தச் சாயம் செறிவாக அடைபட்டிருக்கும்போது தன் ஒளிர்வைத் தானே தணித்துக்கொள்ளும். வெளியே கசிந்து நீரில் பரவிய உடனே பளிச்சென்று ஒளிரும். ஆகவே கருவியில் ஒளி ஏறினால் பை கசிகிறது என்று பொருள். காலிக் வளையம் உள்ள எபிகேலோகேட்டிகின் காலேட் என்ற கேட்டிகினைச் சேர்த்ததும் ஒளி ஏறியது. காலிக் வளையம் இல்லாத எபிகேட்டிகினைச் சேர்த்தபோது கசிவு சொற்பமே. பாக்டீரியாவைக் கொல்லும் திறனிலும் இரண்டுக்கும் இதே வேறுபாடு இருந்தது. இதுவரை எல்லாம் நமக்குப் பழக்கமான அந்த முடிவுக்குச் சாதகம்தான்.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அதைப் பலரும் மேற்கோள் காட்டுவதில்லை. பைகளின் லிப்பிட்டோடு எதிர்மின்சுமை கொண்ட லிப்பிட்டைக் கலந்தபோது சேதம் குறைந்தது. பைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதும் வெகுவாகக் குறைந்தது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் கேட்டிகினைத் தாங்கிக்கொள்வதற்கு அவற்றின் வெளிச்சவ்விலுள்ள எதிர்மின்சுமை கொண்ட லிப்போபாலிசாக்கரைடு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். பாக்டீரியாச் சவ்வுகள் எல்லாவற்றிலும் ஓரளவு எதிர்மின்சுமை உண்டு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1994இல், அமெரிக்காவில் சைமன், மக்கின்டோஷ் முதலியோர் டானிக் அமிலத்தையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். இந்தத் துறையில் வந்தவற்றுள் மிக நேர்த்தியான கட்டுரைகளில் ஒன்றாக அதைக் கருதுகிறேன். ஒரே கேள்வியை எத்தனை கருவிகளால் கேட்க முடியுமோ அத்தனையாலும் கேட்டிருக்கிறார்கள்: வெப்ப அளவீடு, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, அணுக்கருக் காந்த ஒத்திசைவு, எலெக்ட்ரான் நுண்ணோக்கி, நுண்குழாயால் தனி ஒரு பையை உறிஞ்சிப் பிடித்து அளப்பது. டானிக் அமிலம் பாஸ்பாடிடைல்கோலின் படலத்தை மைக்ரோமோலார் அளவிலேயே பிடித்துக்கொள்கிறது. படலத்தின் தடிப்பு 2 முதல் 4 சதவீதம் மெலிகிறது. ஒவ்வொரு லிப்பிட்டும் பிடித்துக்கொள்ளும் பரப்பு கூடுகிறது. சுமார் 1 மில்லிமோலார் செறிவில் இன்னொன்றும் நடக்கிறது: அடுத்தடுத்த இரண்டு படலங்களுக்கு நடுவிலுள்ள நீரடுக்கு 8 முதல் 10 ஆங்ஸ்ட்ராம் குறைந்துபோகிறது. டானிக் அமிலத்தின் ஒரு பக்கக் கைகள் ஒரு படலத்திலும் மறுபக்கக் கைகள் எதிர்ப்படலத்திலும் சொருகி நின்று பாலமாகின்றன என்பது அவர்கள் விளக்கம். நுண்ணோக்கியில் அந்தப் பைகள் இட்லித் தட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டுகளாகத் தெரிந்தன.

இந்தப் பாலங்கள் நிலையானவை அல்ல. ஒரு டானிக் அமில மூலக்கூறு ஒரு குறிப்பிட்ட லிப்பிட்டோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. தொட்டு, விட்டு, அடுத்ததைத் தொடுகிறது. பாலிவினைல்பைரோலிடோன் என்ற பாலிமரைச் சேர்த்தால், டானின் லிப்பிட்டை விட்டுவிட்டு அந்தப் பாலிமரைப் பிடித்துக்கொள்கிறது. டானின் ஒட்டியதால் மாறியிருந்த கரைசலின் ஒளியியல் அடர்த்தியும் படலத்தின் மின்னழுத்தமும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அப்படியானால் இதைச் சிதைவு என்று சொல்வது பொருந்துமா? ஒட்டுதல், மெலிதல், நெருக்குதல் என்பதே நடந்ததைச் சரியாகச் சொல்கிறது.

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருவோம். மேலே சொன்ன அளவீடுகளின் அடித்தளம் பாஸ்பாடிடைல்கோலின். முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் ஏராளமாக உள்ள, லெசித்தின் என்ற பெயரில் பலருக்கும் அறிமுகமான லிப்பிட் இது. பெரும்பாலான பாக்டீரியாக்களின் சவ்வில் இது கிடையாது.

இது சாதாரண விஷயமல்ல. ஏனென்றால் டானின் இந்த லிப்பிட்டை இவ்வளவு விரும்பிப் பிடிப்பதற்குக் காரணமே அதன் தலையிலுள்ள கோலின்தான் என்பதற்குத் தனித்தனிச் சான்றுகள் இருக்கின்றன. 1977இல் கலினா, பீஸ் ஆகிய இருவர் நுரையீரல் செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க முயன்றபோது ஒரு தொல்லையைச் சந்தித்தார்கள். நுரையீரலின் காற்றறைகளைச் சுருங்கவிடாமல் காக்கும் நுரைப்புப் பொருளைச் சேமித்துவைக்கும் செல்களில் நிறைவுற்ற பாஸ்பாடிடைல்கோலின் அடுக்கடுக்காக இருக்கும். திசுவை ஆல்கஹாலிலும் பிசினிலும் பதப்படுத்தும்போது அது கரைந்து ஓடிவிடும். நுண்ணோக்கியில் வெறும் ஓட்டைகளே எஞ்சும். டானிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடால் நிலைப்படுத்தியபோது அந்த அடுக்குகள் வெங்காயத் தோல் மாதிரி வரிவரியாக அப்படியே நின்றன. கோலின் தலையுள்ள லிப்பிட்களைத்தான் டானிக் அமிலம் முதன்மையாகப் பற்றுகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 2000க்குப் பிறகு ஜப்பானில் நகயாமா குழுவினர் கேட்டிகின்களை அணுக்கருக் காந்த ஒத்திசைவால் ஆராய்ந்தபோதும் விரல் அதே இடத்தையே சுட்டியது: கோலினின் நைட்ரஜனைச் சூழ்ந்த மூன்று மெத்தில்களும் காலிக் வளையத்தின் முகமும் நெருங்கி நிற்கின்றன. நேர்மின்சுமைக்கும் வளையத்தின் எலெக்ட்ரான் முகிலுக்கும் இடையிலான ஈர்ப்பு அது.

ஈ.கோலையின் சவ்வில் ஏறத்தாழ முக்கால் பங்கு பாஸ்பாடிடைல் எத்தனாலமின். மீதி பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பாடிடைல் கிளிசராலும் கார்டியோலிப்பினும். எத்தனாலமினின் தலையில் நேர்மின்சுமை உண்டு, ஆனால் அந்த மூன்று மெத்தில்கள் இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் எத்தனாலமின் வகையும் கிடையாது. பாஸ்பாடிடைல் கிளிசரால், கார்டியோலிப்பின், அவற்றோடு லைசின் சேர்த்து நேர்மின்சுமையாக்கப்பட்ட லைசில்பாஸ்பாடிடைல் கிளிசரால் என்பவைதாம் அதன் சரக்கு. டானின்களோ நடுநிலை அமில-காரத்தன்மையில் தாமே சிறிது எதிர்மின்சுமை கொண்டவை. டானிக் அமிலம் ஒட்டிய பைகள் லேசாக எதிர்மின்சுமை பெற்றதை 1994 ஆய்வும் பதிவு செய்திருக்கிறது. எதிரும் எதிரும் விலக்கும். பெட்ரித் தட்டில் நாம் கொல்ல நினைக்கும் உயிரின் சவ்வு, டானினுக்கு மிகப் பிடித்த சவ்வு அல்ல.

அப்படியானால் டானினுக்குப் பிடித்த சவ்வு யாருடையது? நம்முடையது. மனிதச் செல்களின் வெளிப்புற அடுக்கில் பாஸ்பாடிடைல்கோலினும், அதே கோலின் தலையுள்ள ஸ்பிங்கோமையலினும் நிறைந்திருக்கின்றன. நோயெதிர்ப்பியல் சோதனைக் கூடங்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். செம்மறியாட்டின் சிவப்பணுக்களை மிக நீர்த்த டானிக் அமிலத்தில் நனைத்தால் அவற்றின் மேல் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பாய்டன் 1951இல் காட்டினார். அந்த முறை பல ஆண்டுகள் எதிர்ப்பொருள் சோதனைகளில் பயன்பட்டது. தீக்காயங்களுக்கு டானிக் அமிலம் பூசும் சிகிச்சையை டெட்ராய்ட்டில் டேவிட்சன் 1925இல் அறிமுகப்படுத்தி அது உலகமெங்கும் பரவியது. கல்லீரலுக்குக் கேடு என்று தெரியவந்ததும் 1940களில் மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். சிவப்பணுவில் டானின் ஒட்டுவது பெரும்பாலும் புரதத்திலா கொழுப்பிலா என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்; கல்லீரல் பாதிப்புக்கும் சவ்வு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாவரச் சாறு பாக்டீரியாவை மட்டும் தேடிப் போய்த் தாக்கும் என்ற நம்பிக்கைக்கு லிப்பிட் வேதியியலில் ஆதாரம் இல்லை என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பாக்டீரியாவில் சவ்வு ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். பொருட்டுதான். ஆனால் அது நடக்கும் விதம் வேறு. அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ். பெனிசிலின் குடும்ப மருந்துகள் அதன் செல்சுவர் நொதிகளை முடக்கும்போது, அது பிபிபி2ஏ என்ற மாற்று நொதியை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. தேயிலையிலுள்ள எபிகேட்டிகின் காலேட், தானாகக் கொல்லாத குறைந்த அளவிலேயே, இந்தப் பாக்டீரியாவை மீண்டும் மருந்துக்குப் பணியவைக்கிறது. எப்படி என்பதைப் பீட்டர் டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்டார்கள். மாற்று நொதியின் உற்பத்தி குறையவில்லை. அந்த நொதியில் கேட்டிகின் நேரடியாக ஒட்டியதற்குச் சான்றுமில்லை. அது சவ்வில் நுழைகிறது. முதலில் சவ்வின் நெகிழ்ச்சி குறைகிறது. பாக்டீரியா தன் பாஸ்போலிப்பிட்களை மாற்றியமைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. இந்தக் குழப்பத்தில், செல் இரண்டாகப் பிரியும் குறுக்குச் சுவரில் நிலைகொண்டிருக்க வேண்டிய பிபிபி2 என்ற புரதம் இடம்பெயர்ந்துவிடுகிறது. பிபிபி2ஏ தனியாகச் சுவர் கட்ட முடியாது. அதற்கு பிபிபி2இன் கூட்டு வேண்டும். கூட்டு கலைந்ததும் எதிர்ப்புத் திறன் போய்விடுகிறது. செல்சுவர் தடிக்கிறது, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன.

இங்கே சவ்வு ஓட்டையாகிப் பாக்டீரியா சாகவில்லை. சவ்வு சற்றே மாறியதால் அதில் குடியிருந்த புரதம் தன் இடத்தை இழந்தது. டானினும் லிப்பிட்டும் சேரும்போது பாக்டீரியாவுக்கு நேரும் உண்மையான தொல்லை பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

சவ்வை விட்டு வெளியே வந்தால் இரும்பு நிற்கிறது. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் போட்டுவைத்தால் கறுத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டதன் நிறம் அது. மாங்கொட்டைப் பருப்பின் காலோடானின்களைப் பிரித்தெடுத்து எங்கல்ஸ், ஷீபர் முதலியோர் 2009இலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் நடத்திய ஆய்வுகள் இதைப் பாக்டீரியாவில் காட்டின. வளர்ச்சி நின்றுபோன பேசில்லஸ் சப்டிலிஸுக்கு ஊடகத்தில் இரும்பைச் சேர்த்ததும் அது மறுபடி வளர்ந்தது. இரும்பு அவ்வளவாகத் தேவைப்படாத லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தொடக்கத்திலிருந்தே தாங்கிக்கொண்டன. சவ்வு சிதைந்து செத்த செல் இரும்பு போட்டால் எழுந்து வராது. காரணம் பட்டினி. சவ்வில் பதிந்த புரதங்களை டானின் முடக்குவதும் கூடுதல் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே குறிப்பிட்டார்கள். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கேட்டிகின்கள் வளர்ப்பு ஊடகத்தில் காற்றுப்பட்டுத் தாமே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அகார் தட்டில் கொன்றது கேட்டிகினா, அது விட்டுச்சென்ற பெராக்சைடா என்பது தனிக் கேள்வி.

பாக்டீரியாக்களும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் அகேசியா தழையைத் தின்று வாழும் காட்டு ஆடுகளின் இரைப்பையிலிருந்து டானினைத் தாங்கும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸை 1994இல் பிரித்தெடுத்தார்கள். கோலாவின் குடலிலும் அதே இனம் கிடைத்தது; இன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிடிக்கஸ் என்ற பெயரில் வழங்குகிறது. டானேஸ் என்ற நொதியால் காலிக் கைகளை வெட்டி, காலிக் அமிலத்தையும் உடைத்துவிடும் திறமை அதற்கு உண்டு. கைகள் வெட்டப்பட்டால் சவ்வைப் பிடிக்கவும் ஆளில்லை, இரும்பைப் பிடிக்கவும் ஆளில்லை.

தோல் பதனிடுவதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பகுதிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் அழுகாமல் நிற்பதைக் கண்டு, டானின் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது என்று எண்ணத் தோன்றும். அங்கே முதன்மையாக நடப்பது வேறு: கொலாஜன் இழைகளை டானின் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் பாக்டீரியாவின் நொதிகளால் அதைச் செரிக்க முடிவதில்லை. உணவு இருந்தும் உண்ண முடியாத நிலை.

கடைசியாக, 2014இல் இங்கோல்ஃப்சன், ஆண்டர்சன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. மிளகாயின் கேப்சைசின், மஞ்சளின் குர்குமின், தேயிலையின் எபிகேலோகேட்டிகின் காலேட், சோயாவின் ஜெனிஸ்டீன், திராட்சையின் ரெஸ்வெரட்ரால் ஆகிய ஐந்தும் சவ்வின் இயல்பையே மாற்றுகின்றன என்றும், அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சவ்வுப் புரதங்களின் செயல்பாடு ஒரே நேரத்தில் மாறுகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். ஒரு தாவரப் பொருள் பத்து நோய்க்கும் பத்து இலக்குக்கும் வேலை செய்கிறது என்று அறிக்கைகள் வரும்போது, அதைப் பன்முக மருத்துவக் குணம் என்று கொண்டாடுவதற்கு முன் இந்த விளக்கம் அங்கே பொருந்தவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். சவ்வைத் தொடும் பொருள் சவ்விலுள்ள எல்லாவற்றையும் தொடும்.

ஆகவே தாவரச் சாறுகளில் உழைக்கும் ஆய்வு மாணவர்களிடமும் அவர்களுடைய நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அகார் தட்டில் விழுந்த வட்டத்தோடு நிறுத்தாதீர்கள். ஊடகத்தில் இரும்பைச் சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி மீண்டால் சவ்வுச் சிதைவு முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸைச் சேர்த்துப் பாருங்கள். பாலிவினைல்பைரோலிடோன் சேர்த்து விளைவு திரும்புகிறதா என்று சோதியுங்கள். பாக்டீரியாவைக் கொன்ற அதே செறிவில் மனிதச் சிவப்பணுக்கள் என்ன ஆகின்றன என்பதையும் அதே அட்டவணையில் பதிவு செய்யுங்கள். சவ்வைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால், லெசித்தின் பைகளை விட்டு, அந்தப் பாக்டீரியாவின் சொந்த லிப்பிட்டால் பை செய்யுங்கள். ஈ.கோலையிலிருந்து பிரித்த லிப்பிட் கலவை இன்று விலைக்கே கிடைக்கிறது. மற்ற எல்லாம் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்து அலமாரியில் இருப்பவை.